இருபத்து நாலு டிகிரி

கோடை விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சிக்கென்று எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கல் ஊர்ப் பக்கம் வந்தால் எதைப் பார்ப்பார்கள்? எண்ணிப் பார்த்தால் எனக்கு ஏக்கமாகவே இருக்கிறது. அவர்களுக்கு விடுமுறை விடும்போது இந்தக் கரையும் பெரும்பாலும் ஓய்ந்து கிடக்கிறது.

மீன்வளம் படிக்கிற பிள்ளை மண்டபத்துக்குப் போகும். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு அங்கேதான் இருந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போய்விட்டாலும் மண்டபத்து மையம் இன்றும் நடக்கிறது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் வலை சீர்செய்வதையும் பார்க்கலாம்; நாட்டுப்படகில் வரும் மீனை அளக்கலாம். அவ்வளவுதான்.

விலங்கியல் பிள்ளைக்கு மேலச்செல்வனூர் – கீழச்செல்வனூர் சரணாலயம் இருக்கிறது. 1998-இல் அறிவித்தது, 593 ஹெக்டேர். மழை பெய்து கண்மாய் நிரம்பினால் கார்த்திகை தொட்டு மாசி வரைக்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். மே மாதம் போனால் வெடித்துக் கிடக்கும் கண்மாய்த் தரைதான். வேளாண்மை படிக்கிற பிள்ளைக்கும் அதே கதி. இங்கே மழையை நம்பிப் புழுதியில் விதைத்து, தையில் அறுத்துவிடுகிறோம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாயும் மே மாதத்துக்குள் ஏறக்குறைய முடிந்திருக்கும்.

கோடைக்காகவே காத்திருப்பவை பனையும் உப்பும். பனையைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். உப்புக்கு வருகிறேன்.

வேதியியல் படிக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி பயிற்சிக்கு வந்திருந்தபோது, விடியற்காலையில் அவளோடு வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்துக்குப் போனேன். 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகம் உப்பு எடுக்கிற கரை அது. அவள் கையில் உப்புநீரின் அடர்த்தியை அளக்கிற கண்ணாடிக் குழல். கடல் தண்ணீரில் விட்டால் மூன்று டிகிரி சொச்சம் காட்டும். பாத்தி பாத்தியாக வெயிலில் வற்றி ஏற ஏற முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் அடியில் தங்கும். இருபத்தைந்தை ஒட்டி உப்பு விழத் தொடங்கும். முப்பதை நெருங்க விட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசந்துவிடும். அதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி. பாத்தி வரப்பில் நின்று பார்த்தபோதுதான் அந்தப் பத்திக்குள் எத்தனை பேருடைய முதுகும் கண்ணும் இருக்கின்றன என்று தெரிந்தது.

வரப்பில் ஒரு வயதான அம்மா நின்றிருந்தார். தண்ணீரைத் தொட்டு இரு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்துவிட்டு, “என்ன தாயி, ஒன் கண்ணாடி என்ன சொல்லுது?” என்றார்.

“இருபத்து நாலு, பாட்டி.”

“நான் சொன்னா நீ எழுதமாட்ட. எழுதிக்க, நாளைக்கு உப்பு விழும்.”

மறுநாள் விழுந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் அன்று பார்த்த மகிழ்ச்சிக்காக எந்தப் பல்கலைக்கழகமும் விடுமுறையை நீட்டலாம். அவள் அத்தோடு விடவில்லை. மழை பெய்தால் இந்தப் பாத்தி எத்தனை டிகிரிக்கு இறங்கும், மறுபடி ஏற எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மழை மாதங்களில் உப்பளத்தில் வேலையே கிடையாது என்பதும், அந்த நாட்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. “டிகிரியக் கேக்குறியா? கார்த்திகையில வந்து பாரு,” என்றார் அந்த அம்மா.

சரியான பதில். இரண்டு பருவங்களுக்கு நடுவே நவம்பர் கடைசியில், டிசம்பரில் கல்லூரிகள் சில நாள் விடுகின்றனவே, அந்த நாட்களில் ஒரு வாரத்தை இந்தக் கரைக்குத் தரட்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏழு நாள் சிறப்பு முகாம் போட்டுப் பழகியவர்கள்தாம். கூடு எண்ணவும், கண்மாய்க்கு வந்த தண்ணீரை அளக்கவும், களை எடுக்கும் பெண்களோடு வயலில் இறங்கவும் அப்போது வந்தால்தான் முடியும். கோடையை உப்புக்கும் பனைக்கும் விட்டுவிடலாம்.

அந்தப் பெண் தன் துறைத்தலைவரிடம் டிசம்பரில் ஒரு வாரம் கேட்டு எழுதியிருக்கிறாள். அனுமதி கிடைத்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவாள்.