சிவப்புக்கு நாலு கோட்

சுவருக்கு அடிக்கிற நிறங்களிலேயே பிடிவாதமானது சிவப்புதான். வெளிர்நிறப் பெயிண்ட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு என்கிற வெள்ளைப் பொடி நிறைய இருக்கும். அடியில் கிடக்கும் கறையையும் பழைய நிறத்தையும் மறைப்பது அதுதான். அடர்சிவப்பில் அதைத் தாராளமாகப் போட முடியாது, ரோஸ் ஆகிவிடும். அதனால் நல்ல சிவப்பு, பார்க்க எவ்வளவு முரடாக இருந்தாலும், பாதி கண்ணாடி. ரெண்டு கோட் அடித்த பிறகும் பின்னாலிருந்து வெள்ளை திட்டுத்திட்டாக எட்டிப்பார்க்கும். முதலில் சாம்பல் நிறத்தில் பிரைமர் அடித்தால் கொஞ்சம் அடங்கும். பெயிண்டர் அண்ணன் அதை அடித்துவிட்டுப் போன அன்று ஹால் சுவர், பூச்சு வேலை முடியாத வீடு மாதிரி இருந்தது. "செவப்பு கேட்டா சாம்பலைப் பூசிட்டுப் போயிருக்கான்" என்றாள் அம்மா.

சிவப்பு கேட்டது அம்மாதான்.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. குங்குமம் வைக்காதே என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. காரியம் முடிந்த அடுத்த வாரமே பீரோவில் இருந்த அரக்கு, மெரூன், தக்காளிச் சிவப்புப் புடவைகள் சித்திக்கும் என் மனைவிக்கும் போய்விட்டன. மிஞ்சியது சந்தனம், சாம்பல், வெளிர்நீலம். நான் ஒருதரம் வாதாடிப் பார்த்தேன், பெரியாரையெல்லாம் துணைக்கு இழுத்தேன். "எனக்கே தோணலடா, விடு" என்றாள். அதற்கு மேல் என்ன பேச?

வாடகை வீடுகளில் சுவரின் நிறம் நம் பிரச்சினையே இல்லை. க்ரீம் கலர், ஆணி அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். சொந்த ஃபிளாட் கைக்கு வந்ததும் ஷேட் கார்டை விரித்து வைத்துக்கொண்டு நானும் மனைவியும் சாம்பலும் பழுப்புமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐடிக்காரர்களின் வீடெல்லாம் இப்போது மீட்டிங் ரூம் போலத்தான் இருக்கிறது. அம்மா விரலை வைத்தது பழுத்த மிளகாய்ச் சிவப்பில். சிவப்பு வேண்டுமென்றால் ரெண்டு குஷன், ஒரு விளக்கு போதும், பளிச்சென்று இருக்கும் என்றார் இன்டீரியர் பையன். "ஊறுகாயா தொட்டுக்க? சுவர் முழுக்க அடிங்க" என்றாள்.

ஏன் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அவள் பிறந்த வீட்டின் தரை எனக்குத் தெரியும். சிமெண்ட்டில் ரெட் ஆக்சைடு பொடியைக் கலந்து பூசி, காய்வதற்குள் கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய தரை. பிறகு பல வருடம் மனிதக் கால்கள் நடந்து நடந்து பளபளப்பாக்கியது. தாத்தாவின் அக்கா, வெள்ளைப் புடவைப் பெரிய பாட்டி, கோடை மதியங்களில் பாயில்லாமல் அதில்தான் படுத்துக் கிடப்பாள். காலுக்குக் கீழே எவ்வளவு சிவப்பு இருந்தாலும் ஊரில் யாருக்கும் ஆட்சேபணை கிடையாது. நெற்றிக்கு ஏறினால்தான் கணக்குக் கேட்பார்கள்.

நாலாவது கோட் காய்ந்த பிறகு ஹால் வேறு இடமாகிவிட்டது. ஆன்றி மத்தீஸ் 1911-இல் வரைந்த 'சிவப்பு ஸ்டுடியோ' ஞாபகத்துக்கு வந்தது. அவருடைய நிஜ ஸ்டுடியோவின் சுவர் வெள்ளை. முதலில் வேறு நிறங்களில் வரைந்துவிட்டு, பிறகு அவற்றின் மேல் சிவப்பை ஏற்றினார். மேசை, நாற்காலி, கடிகாரமெல்லாம் அதில் வெறும் கோடுகள். அந்தக் கோடுகளும் பெரும்பாலும் வரைந்தவை அல்ல, சிவப்பு பூசாமல் விட்ட சந்துகள். அவர் ஓவியங்களைத் தொடர்ந்து வாங்கிவந்த ருஷ்ய வியாபாரி ஷூக்கின்கூட அதை வேண்டாமென்றுவிட்டார். எங்கள் ஹாலிலும் அதே கதைதான். இஎம்ஐ போட்டு வாங்கிய சோபா இருப்பதே தெரியவில்லை.

அந்தி சாயும்போது முதலில் கறுப்பது இந்தச் சுவர்தான். மங்கிய வெளிச்சத்தில் நம் கண் சிவப்பைத்தான் முதலில் கைவிடும், பச்சையும் நீலமும் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். செக் நாட்டு உடலியலாளர் புர்கிஞ்சே 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அம்மா அவரைப் படித்ததில்லை. ஆனால் முன்பெல்லாம் ஆறரைக்குப் போடும் விளக்கை இப்போது ஆறுக்கே போட்டுவிடுகிறாள்.

கிரகப்பிரவேசத்துக்கு வரமுடியாத சித்தி போன மாதம் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "ஏன்க்கா, உனக்கெதுக்கு இவ்ளோ செவப்பு?" என்றாள். கேள்வியில் 'உனக்கு' கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "நானா கட்டிருக்கேன்? செவுருதானே கட்டிருக்கு."

சித்தி சிரித்தாளா முறைத்தாளா என்று பார்க்கவில்லை. காப்பி போடப் போய்விட்டேன்.

அம்மாவின் நாற்காலி இப்போது அந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. மதியம் மூன்று மணி வாக்கில் பால்கனி வெயில் சுவரில் பட்டுத் திரும்பும்போது அவளுடைய சாம்பல் புடவையில், கன்னத்தில், திருநீற்றின் மேல்கூட லேசாக ரோஸ் ஏறுகிறது. அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வாளோ என்று இருக்கிறது.

டப்பாவில் அரை லிட்டர் மிச்சம். தூக்கிப் போடவா என்று கேட்டேன். "இறுக்கி மூடி வைடா, கீறல் விழுந்தா வேணும்" என்றாள். ஷேட் நம்பரை ஏற்கெனவே கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறாள்.