இருமுறை கடல் கடந்தவர்

சிவாஜிநகர் தூய மரியன்னை பேராலயத்தின் செப்டம்பர்த் திருவிழாவுக்கு நண்பர்களுடன் சென்றிருந்தேன். காவி உடுத்து வந்த அடியார்கள் பலர். "மாதா கோவிலில் காவியா?" என்று வியந்தார் ஒரு நண்பர். எனக்கு ஓரியூர் அருளானந்தர் நினைவுக்கு வந்தார்.

வறுமையைப் போற்றும் பேச்சு எனக்கு என்றும் பிடித்ததில்லை. மாதக் கடைசியில் அரிசிக் கடன் கேட்க அம்மா என்னைத்தான் அனுப்புவார். வறுமை அணிகலன் அன்று என்பதைக் கடை வாசலிலே கற்றவன் நான். எனவே இப்புனிதரின் வரலாற்றையும் ஐயத்தோடுதான் படித்தேன்.

1647இல் லிஸ்பன் நகரத்து உயர்குடியில் பிறந்தவர் ஜான் டி பிரிட்டோ. இளவரசர் பெத்ருவின் தோழராக அரண்மனையில் வளர்ந்தவர். இயேசு சபைத் துறவியாகி 1673இல் இந்தியா வந்து, மதுரை மறைப்பணியில் ஈடுபட்டார். அவருக்கு முன்னர்த் தத்துவ போதகர் சந்நியாசிக் கோலம் பூண்டிருந்தார். ஆனால் சந்நியாசி ஒடுக்கப்பட்டோருடன் பழக அன்றைய சமூகம் இடந்தரவில்லை. பண்டாரசுவாமிக்கு அத்தடை இல்லை. ஆகவே பிரிட்டோ பண்டாரமானார். காவி உடுத்தார், ஊன் விலக்கினார், தரையில் படுத்தார், அருளானந்தர் ஆனார்.

இது இளமை வேகம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டுக் கொடிய சித்திரவதைக்கு உள்ளானார். பின்னர்ச் சபைப் பணியாக ஐரோப்பா சென்றபோது, பழைய தோழர் போர்ச்சுகலின் மன்னராயிருந்தார். அங்கேயே தங்கிவிட வேண்டினார். அருளானந்தரோ 1690இல் மீண்டும் இந்தியா திரும்பினார். அவர் போதனையை ஏற்ற தடியத்தேவர், மனைவியர் பலருள் ஒருவரோடு மட்டும் வாழ முடிவு செய்தார். விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதியின் உறவினர். சினம் மூண்டது. 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டு மாண்டார். 1947இல் புனிதர் பட்டம் பெற்றார்.

அறிவியல் மாணவனாகிய என்னை அசைத்தது அந்த இரண்டாம் பயணமே. முதல் சோதனையில் விளைவு தெரியாது. விளைவு தெரிந்த பின்னும் அவர் வந்தார். அவர் தழுவியது வறுமையை அன்று, ஏழைகளை. வறுமை அதற்கு அவர் கொடுத்த விலை. என் அம்மாவின் வறுமையோ அவர் தேர்ந்துகொண்டதன்று. அதனைக் காட்டி இதனைப் பொறுத்துக்கொள் என்பது அறமாகாது.

ஆனால் நான் மட்டும் என்ன செய்தேன்? கட்டட வேலைக்காக இந்நகருக்கு வந்த சித்தப்பா, சிமெண்டு படிந்த சட்டையோடு ஒருநாள் விடுதிக்கு வந்தார். நண்பர்கள் காணுமுன் அவரைத் தெருமுனைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போய்விட்டேன். அவருக்கு அது புரிந்திருக்கும், ஒன்றும் சொல்லவில்லை. அரண்மனையில் வளர்ந்தவர் ஏழைகளை நாடி இருமுறை கடல் கடந்தார். ஏழை வீட்டுப் பிள்ளையால் சித்தப்பாவோடு விடுதி வாசலைக் கடக்க முடியவில்லை.

வரும் ஞாயிறு சித்தப்பாவை விடுதிச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறேன். நண்பர்களே, எங்களோடு வந்து அமருங்கள்.