கடாரத்தில் ஒரு காலைப்பொழுது

கெடா மாநிலம், மெர்போக். ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தைத் தாண்டி மேலே நடந்தால், ஓடைக்கரையில் புக்கிட் பத்து பஹாட் சண்டி. கருங்கல் மேடையும் தூண்களைத் தாங்கிய கற்களும்தான் மிச்சம். மரத்தூண்களும் கூரையும் எப்போதோ மக்கிவிட்டன.

"துறைமுகம்னு சொன்னீங்க, கடலைக் காணோமே அப்பா?" என்றாள் மகள்.

ஆற்று வண்டல் சேர்ந்து சேர்ந்து கடற்கரை தள்ளிப் போய்விட்டது. அன்று கடல் தாண்டி வந்த கப்பல்களுக்கு இந்த மலைதான் அடையாளம். சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, இந்திய மணிகள் எல்லாம் இங்கே மண்ணுக்கடியில் கிடைத்திருக்கின்றன.

1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம் இதுதான் என்றதும் அவள் முகத்தில் பெருமை. 2013இல் வீடமைப்புத் திட்டத்துக்காக இங்குள்ள 11ஆம் எண் சண்டி இடிக்கப்பட்டதையும் சொன்னேன்.

"யாரும் தடுக்கலையா?"

செய்தி வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடாரம் கொண்டவனைப் பாடநூலில் படிக்கிறோம்; கடாரத்தை வந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தை இடிக்க யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.