ப்ராசஸரைப் பார்த்து பிரவுசர் போடு

காட்டுப்பாக்கம்
ஞாயிறு மாலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை, காலையில் தெருமுனைக் கோயில் வரைக்கும் தானே நடந்து போய் வருகிறாள்.

அன்றைக்கு நீ போனில் கேட்டது மனதிலேயே கிடக்கிறது. "லேப்டாப் புதுசு வாங்கியாச்சுண்ணே, பிரவுசர் மட்டும் பழையபடிதான் இழுக்குது. இப்ப வர்ற ப்ராசஸருக்குன்னே செஞ்ச பிரவுசர் இருக்காமே, அதைப் போட்டுக்கவா?" என்று கேட்டாய். கடையில் வில்லங்கச் சான்றுக்கு ஒருவரும் பட்டா நகலுக்கு இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். இது போகிற போக்கில் பதில் சொல்லிவிடுகிற விஷயம் இல்லை. தென்காசிக் கடைக்காரர்கள் எத்தனையோ பேருடைய ஜிஎஸ்டி பாஸ்வேர்டு உன் மடிக்கணினியில் இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். அப்படிப்பட்ட பிரவுசர்கள் இருக்கின்றன. ஏன் வந்தன என்று தெரிந்துகொண்டால் நீயே முடிவெடுத்துவிடலாம்.

ப்ராசஸருக்குள் கட்டளைத் தொகுப்பு என்று ஒன்று உண்டு. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது எஸ்எஸ்இ2 என்ற தொகுப்பு வந்தது. ஒரே கட்டளையில் நான்கு எண்களைச் சேர்த்துக் கணக்குப் போடலாம். 2004-இல் எஸ்எஸ்இ3. 2011-இல் ஏவிஎக்ஸ், 2013-இல் ஏவிஎக்ஸ்2. இந்தக் கடைசித் தொகுப்பில் எட்டு எண்கள் ஒரே வீச்சில் முடியும். படம் விரிப்பது, எழுத்து வரைவது, சுருக்கிய கோப்பைப் பிரிப்பது எல்லாம் இந்த மாதிரிக் கணக்குகள்தான். ஆனால் பெரிய கம்பெனிகள் பிரவுசர் செய்யும்போது உலகத்தில் இருக்கிற எல்லா மெஷினிலும் ஓட வேண்டுமே என்று கீழ்ப்படியைப் பிடித்துத்தான் கட்டுவார்கள். குரோம் 2021 வரைக்கும் எஸ்எஸ்இ2 இருந்தாலே போதும் என்று ஓடியது. 89-ஆம் பதிப்பில்தான் எஸ்எஸ்இ3 கட்டாயம் ஆனது. அதாவது 2004-இல் வந்த கட்டளையை நிரல் முழுக்கப் பயன்படுத்த 2021-இல்தான் வாசல் திறந்தார்கள். நீ காசு கொடுத்து வாங்கிய ப்ராசஸரில் ஒரு பகுதி சும்மா கிடக்கிறது என்ற ஆதங்கம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

அந்த ஆதங்கத்தில் தனி ஆட்கள் இறங்கி வேலை செய்திருக்கிறார்கள். பயர்பாக்ஸின் மூல நிரல் எல்லாருக்கும் திறந்தது அல்லவா, அதை எடுத்து, பழைய ப்ராசஸர்களை விட்டுவிட்டு, புதியவற்றுக்கென்று கட்டிய பேல் மூன் 2009-இல் வந்தது. 2011-இல் அலெக்ஸ் கோன்டோஸ் என்ற பதினாறு வயதுப் பையன் வாட்டர்ஃபாக்ஸை வெளியிட்டான். 64-பிட் விண்டோஸுக்கு 64-பிட் பயர்பாக்ஸ் ஏன் இல்லை என்ற கேள்விக்கு அவன் கொடுத்த பதில் அது. மொசில்லாவின் முறையான 64-பிட் விண்டோஸ் பதிப்பு வந்தது 2015 டிசம்பரில்! பள்ளிக்கூடப் பையன் நான்கு வருஷம் முந்திக்கொண்டான். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. கடைக்கு வருகிற பையன்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உன் காதுக்கு வந்தது தோரியமாக இருக்கும். குரோமின் அடிப்படையான குரோமியத்தை எடுத்து எஸ்எஸ்இ3, எஸ்எஸ்இ4, ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 என்று தனித்தனியாகக் கட்டித் தருகிறார்கள். உன் ப்ராசஸருக்கு எது பொருந்துமோ அதை இறக்கிக்கொள்ள வேண்டும். கடையில் பாஸ்போர்ட் போட்டோ, விண்ணப்பப் படம் சிறிதாக்குவது, பெரிய பிடிஎஃப் திருத்துவது என்று ஓடுகிற மெஷினில் ஏவிஎக்ஸ்2 பதிப்பைப் போட்டிருக்கிறேன். நன்றாகவே இருக்கிறது. ஸ்கேன் பண்ணின பத்திரம் நாற்பது ஐம்பது பக்கம் இருந்தாலும் மௌஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் வெள்ளையாக நின்று யோசிக்காமல் கூடவே வருகிறது. படத்தை வெட்டித் திருப்புகிற தளங்களில் விரலுக்கும் திரைக்கும் இடையிலிருந்த அந்தச் சின்னத் தாமதம் குறைந்திருக்கிறது.

ஆனால் நீ எதிர்பார்க்கிற அளவுக்கு எல்லா இடத்திலும் அது தெரியாது. வீடியோ பிரிக்கிற நிரல்களும் படம் வரைகிற நிரல்களும் சாதாரண பிரவுசரிலேயே ப்ராசஸரைக் கேட்டுப் பார்த்து, ஏவிஎக்ஸ்2 இருந்தால் அதைத்தான் பயன்படுத்துகின்றன. பக்கத்தில் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட்டும் உன் மெஷினிலேயே, உன் ப்ராசஸருக்குத் தகுந்தபடிதான் மாற்றி எழுதப்படுகிறது. மிச்சமிருக்கிற பகுதியில்தான் இந்தத் தனிக்கட்டு பிரவுசர்களின் லாபம். இருபதாம் தேதி ஜிஎஸ்டி 3பி தாக்கல் பண்ண ஊரே ஒரே நேரத்தில் உள்ளே நுழையும்போது நீ காத்திருக்கிறாயே, அந்தக் காத்திருப்பு அந்தப் பக்கத்து சர்வருடையது. உன் வீட்டில் எந்த ப்ராசஸர் இருந்தாலும் அது குறையாது.

உன்னுடைய இழுவை எங்கே என்று முதலில் பார். பிரவுசர் திறந்திருக்கும்போது ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்து. குரோமிய வகை பிரவுசர் எதுவானாலும் அதற்கென்று ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி என்ற தலைப்பைத் தட்டினால் பெரியது மேலே வரும். கடையில் இதைச் செய்து பார்த்தபோது வரி கட்டுகிற பக்கம் அடியில் கிடந்தது. யாரோ காலையில் திறந்து மறந்துபோன செய்தித் தளம் ஒன்று, உள்ளே விளம்பர வீடியோ ஓட, நானூறு எம்பிக்கு மேல் பிடித்துக்கொண்டு உச்சியில் நின்றது. 2018-இல் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் ஓட்டை வெளியே வந்த பிறகு குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி அறையில் வைக்கத் தொடங்கியது. பாதுகாப்புக்கு அது அவசியம், ஆனால் அதற்கே 10 முதல் 13 சதவீதம் மெமரி கூடுதலாகப் போகும் என்று கூகுளே அப்போது சொன்னது. உன்னிடம் இருப்பது 8 ஜிபி. டாலியும் எக்செல்லும் வாட்ஸ்அப்பும் ஓடுகிற 8 ஜிபியில், விளம்பரத்தைத் தடுத்து, தேவையில்லாத டேபை மூடினாலே நீ தேடுகிற வேகத்தில் பெரும்பங்கு வந்துவிடும். இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் ராம் ஒன்று போட்டுக்கொள். மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்.

இன்னொன்றையும் பார்த்துவிடு. இந்தப் பக்கம் விண்டோஸ் போட்டுத் தருகிறவர்கள் பலர் பழைய பென் டிரைவில் வைத்திருக்கிற 32-பிட் பிரவுசரையே புது மெஷினிலும் போட்டுவிடுகிறார்கள். வந்த மெஷின்களில் நானே இதைப் பார்த்திருக்கிறேன். செட்டிங்ஸில் 'அபௌட்' பக்கத்தில் பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் 64-பிட் என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு பிரவுசர் தேடுவதற்கு முன்னால் அதை எடுத்துவிட்டு 64-பிட்டைப் போடு.

நீ அனுப்பிய படத்தில் புது லேப்டாப் ஐ3-1215யு என்று பார்த்தேன். அதில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறது, கவலையில்லை. மருமகனுடைய லேப்டாப் செலரான் என்4020 அல்லவா? 2019 கடைசியில் வந்த ப்ராசஸர்தான், ஆனாலும் அதில் ஏவிஎக்ஸ் கிடையாது! குறைந்த விலைச் செலரான், பென்டியம் வகைகளில் இன்டெல் பல வருஷம் அதைக் கொடுக்கவே இல்லை. ஏவிஎக்ஸ்2 பதிப்பை அதில் போட்டால் திறக்கும்போதே விழுந்துவிடும். அதற்கு எஸ்எஸ்இ4 பதிப்புதான் சரி. சந்தேகம் வந்தால் சிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளை இறக்கி, 'இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' என்ற வரியைப் படித்துப் பார்க்கச் சொல். பையனுக்கு இதெல்லாம் ஆசையாக இருக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. குரோமுக்குச் சில வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வருகிறது. 2023 ஆகஸ்டிலிருந்து பாதுகாப்புத் திருத்தம் வாராவாரம் வருகிறது. மூல நிரல் திறந்தது என்பதால், ஓட்டை எது, எப்படி அடைத்தார்கள் என்பதைத் திருடனும் அன்றைக்கே படித்துவிடலாம். தோரியம் போன்றவற்றை ஒருவரோ இரண்டு பேரோ ஓய்வு நேரத்தில் கட்டுகிறார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குரோமியத்தின் புதுப் பதிப்பை எட்டிப்பிடிக்க அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகிவிடுகிறது. அந்த இடைவெளியில் உன் பிரவுசர், தாழ்ப்பாள் உடைந்திருப்பது தெருவுக்கே தெரிந்த வீடு. பாட்டுக் கேட்கலாம், படம் திருத்தலாம். ஜிஎஸ்டி, வருமான வரி, பேங்க், கிளையண்ட் மெயில் இதில் எதையும் அதில் திறக்காதே. கடையிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பணம் சம்பந்தப்பட்டது எதுவானாலும் வேறு மெஷின், வாராவாரம் திருத்தம் வருகிற பிரவுசர்.

சரி, அப்படியானால் எதற்கு மாறுவது? உனக்கு நான் சொல்வது உலா. நம்ம ஜோஹோ 2023 மே மாதம் வெளியிட்டது. உனக்கு மத்தளம்பாறை அலுவலகம் தெரியாததா என்ன, உங்கள் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே வேலைக்குப் போகிறார்கள்! ப்ராசஸருக்கென்று தனிக்கட்டு கட்டியது என்று இதைச் சொல்ல மாட்டேன். இதன் பலம் வேறு. விளம்பரத்தையும் பின்தொடரும் ட்ராக்கரையும் உள்ளேயே தடுக்கிறது, அதனால் இறங்க வேண்டிய சுமையே குறைகிறது. வேலைக்கு ஒன்று, சொந்த உபயோகத்துக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று பயன்முறைகள் தனித்தனியாக இருக்கின்றன. நீ கணக்குப் பார்க்கிற இடமும் மருமகன் யூடியூப் பார்க்கிற இடமும் ஒன்றோடொன்று கலக்காது. பின்னால் முழுநேரம் வேலை பார்க்கிற ஆட்களும் ஒரு கம்பெனியும் இருக்கிறார்கள்.

மத்திய மின்னணு அமைச்சகம் இந்தியாவுக்கென்று ஒரு பிரவுசர் வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் போட்டி வைத்தது. நம் நாட்டுச் சான்றிதழ் ஆணையத்தின் மூலச் சான்றை பிரவுசரே நம்ப வேண்டும், டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கனை வைத்து ஆவணத்தில் கையெழுத்துப் போட முடிய வேண்டும் என்பதெல்லாம் அதன் நிபந்தனை. 2025 மார்ச்சில் முதல் பரிசு ஒரு கோடி ரூபாய் ஜோஹோவுக்கு வந்தது. கம்பெனி கிளையண்டுகளுக்கு டோக்கன் செருகிக் கையெழுத்துப் போடுகிற உனக்கு இந்த நிபந்தனைகளின் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும்.

மாறுவது கஷ்டமில்லை. பழைய பிரவுசரிலிருந்து புக்மார்க்கை முதலில் ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள், பிறகு புதியதில் 'இம்போர்ட்' கொடு. பாஸ்வேர்டை மட்டும் கோப்பாக எடுக்காதே. எடுத்தால் அது பூட்டில்லாத எழுத்தாக டவுன்லோட்ஸில் கிடக்கும், அழிக்க மறந்துபோகும். நேராக பிரவுசரிலிருந்து பிரவுசருக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடு, இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள். கையெழுத்துப் போட வைத்திருக்கிற எம்சைனர் மென்பொருள் புது பிரவுசரில் ஒரு தடவை அனுமதி கேட்கும், அதைக் கிளையண்ட் பக்கத்தில் இல்லாத நேரத்தில் செய்து பார்த்துவிடு. பழையதை உடனே அழிக்காதே. ஒரு மாதத் தாக்கல் முழுக்கப் புதியதில் முடிந்த பிறகு அழி.

அதனால் இந்த மாதம் இருபதாம் தேதி தாண்டட்டும், அதற்குள் எதையும் தொடாதே. இருபத்தொன்றாம் தேதி சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வீடியோ கால் போடுகிறேன், கூடவே இருந்து செய்துவிடலாம். மருமகனிடம் அந்த சிபியு-இசட் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல். அம்மா உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், ஊருக்கு வருகிறவர்கள் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்