கணினியையும் நாங்களே தெரிவுசெய்வோம்

கணினி வாங்குவது ஆண்பிள்ளைகளின் வேலை என்ற எண்ணம் எங்கள் கிராமங்களை விட்டு இன்னும் போகவில்லை. விதைநெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தே தரம் சொல்லக்கூடிய பெண்கள், கணினி என்றதும் "அது பொடியங்களுக்குத்தான் விளங்கும்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

வெள்ளாங்குளத்தில் நான் வேலைசெய்யும் குழுவில் 14 பெண்கள். பெரும்பாலானோர் தனித்து நின்று குடும்பம் நடத்துபவர்கள். மாதம் 500 ரூபா வீதம் இரண்டு வருடம் சேர்த்த 168,000 ரூபாவில் ஒரு கணினி வாங்குவது பற்றிப் பேச்சு வந்தபோது, தையல் இயந்திரம்தான் வேண்டுமென்று சிலர் சொன்னார்கள். அப்போது மகனைத் தேடிக்கொண்டிருக்கும் அக்கா ஒருவர் சொன்னார்: "கடிதம் அடிக்க மன்னாருக்குப் போனால் ஒரு நாள் கூலி போகுது தங்கச்சி. அதைவிட, பிள்ளையின்ர கதையை முன்னப்பின்ன தெரியாத ஆக்களுக்கு முன்னால சொல்லேக்கை உடம்பு கூசுது." 2018இல் காணாமற்போனோர் அலுவலகம் இயங்கத் தொடங்கிய பின்னும் இந்தக் கடித வேலை குறையவில்லை. அவர் சொன்னதோடு தீர்மானம் முடிந்தது.

முதலில் விசாரித்த கடையில் எங்களுக்குக் காட்டியது, வண்ண விளக்குகள் மின்னும் விளையாட்டுக் கணினி. இன்னொரு கடையில், கந்தோர்களிலிருந்து கழித்த பழைய கணினி மலிவாக இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு, எங்கள் தேவையை ஒரு தாளில் எழுதினோம்: தமிழில் கடிதம், விண்ணப்பம், குழுவின் கணக்கு, பிள்ளைகளின் இணையவழிப் பாடம்.

ஒரு சமையலறையை நினைத்துப் பாருங்கள். புரொசசர்தான் சமைப்பவர். நினைவகம் (ராம்) அவர் காய் வெட்டும் மேசை. எஸ்.எஸ்.டி. என்பது சாமான் வைக்கும் அலுமாரி. நான்கு பேருக்குச் சமைக்கக் கலியாணச் சமையற்காரர் தேவையில்லை. 2022இல் வந்த இன்ரெல் ஐ3-12100 எங்கள் வேலைக்குத் தாராளம். அதே இலக்கத்தின் பின்னால் 'எஃப்' என்று இருந்தால் விலை குறைவு. ஆனால் அதில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இல்லை. அதற்கெனத் தனி அட்டை வாங்க வேண்டும், மிச்சம் பிடித்த காசு அதிலே போய்விடும். ஏ.எம்.டி. ரைசன் 5 5600 என்பதும் அப்படித்தான். '5600ஜி' என்றால் அந்தப் பகுதி உள்ளேயே இருக்கும்.

பழைய கணினி வேண்டாமென்றதற்கும் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு பொதுவாக 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பெரும்பாலும் இன்ரெல் 8ஆம் தலைமுறைக்கு முந்திய புரொசசர்களை ஏற்பதில்லை. எங்களுக்குக் காட்டிய கணினி 6ஆம் தலைமுறை.

தாய்ப்பலகை புரொசசருக்குப் பொருந்த வேண்டும். நினைவகத்திலும் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று இரு வகை. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. 8 ஜிபி ஒன்றைப் போட்டு, பின்னர் கூட்டுவதற்கு ஓரிடத்தை வெறுமையாக விட்டோம். மின்வழங்கியில் மட்டும் மலிவு பார்க்கவில்லை. அது பழுதானால் மற்றப் பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கலாம். யூ.பி.எஸ். ஒன்றும் வாங்கினோம். மின்சாரம் நின்றால், அடித்த கடிதத்தைச் சேமித்துவிட்டு நிறுத்தச் சில நிமிடம் கிடைக்கும். ஐப்பசி இடிமின்னலுக்கு அது போதாது. செருகியையும் இணைய வயரையும் கழற்றியே ஆக வேண்டும்.

இப்போது கடிதங்களைக் குழுவின் இரு பிள்ளைகள் அடிக்கிறார்கள். ஒருவரின் கடிதத்தை இன்னொருவர் திறக்காதபடி கடவுச்சொல் இட்டிருக்கிறோம். பழைய பாமினி எழுத்துருவை விட்டு யூனிகோடில் அடிப்பதால், அனுப்பும் கடிதம் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிறது.

சகோதரிகளே, நீங்களும் கடைக்குப் போகும்போது இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள்: திரைக்கான பகுதி புரொசசரிலேயே உண்டா? விண்டோஸ் 11 ஓடுமா? நினைவகம் கூட்ட இடமுண்டா? ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை வருட உத்தரவாதம்? பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கொடுக்கப்போவது நீங்கள் உழைத்துச் சேர்த்த காசு.