ஒன்பதாம் இலக்க ஜேர்சி

திருகோணமலை நகரத்தில் ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான் செயலாளர். பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர். இரண்டு இடத்திலும் எனக்குத் தலையிடி தரும் எண் ஒன்றுதான். வகுப்பில் கணக்கின் விடை 9 என்று வந்தால் பின்வாங்கில் சிரிப்பு எழும். கழகத்துக்குப் புது ஜேர்சி வந்திறங்கினால் 7க்கும் 10க்கும் அடிபாடு நடக்கும். 9 மட்டும் பொலித்தீன் பைக்குள்ளேயே கிடக்கும். பெண் சாயல் உள்ள ஆண், திருநங்கை, ஆணை விரும்பும் ஆண் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து ‘ஒன்பது’ என்று நக்கலடிக்கும் பழக்கம் தமிழ்ப் படங்களோடு எங்கள் ஊருக்கும் வந்து நிலைத்துவிட்டது. ஆனால் உதைபந்தாட்டத்தில் 9 என்பது கோல் அடிக்கிறவனின் இலக்கம். 2002 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராகப் பிரேசிலின் இரண்டு கோல்களையும் போட்ட ரொனால்டோவின் முதுகில் இருந்தது அதுதான். எங்கள் பொடியன்களுக்கு இது தெரியும். தெரிந்தும் எடுக்கமாட்டார்கள்.

ஒருவன் எடுத்தான். மெல்லிய பொடியன், வேகமானவன், அதிகம் பேசமாட்டான். ஒரு பருவம் முழுக்க அந்த ஜேர்சியோடு ஓடினான், கோலும் அடித்தான். பிறகுதான் அந்தப் பதாகை வந்தது.

வெளியூரிலிருந்து பந்து, பூட்ஸ், ஜேர்சி எல்லாம் கொண்டுவந்து விற்கும் ஒரு நிறுவனம். எங்கள் நகரத்தில் அதற்கு ஒரு முகவர். பாடசாலை விடுமுறையில் சுற்றுப்போட்டிகள் தொடங்கும் நேரம் பார்த்து, மைதானத்துக்குப் போகும் வழியில் பெரிய பதாகை ஒன்றைக் கட்டினார்கள். நெஞ்சை நிமிர்த்திய இளைஞர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஓரத்தில் ஒருவன் மட்டும் ரோஸ் நிற 9 ஜேர்சியில், இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்தபடி. மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். “ஆம்பிளைகளின் ஜேர்சி. ஒன்பது மட்டும் எங்களிட்ட இல்லை!” என்று எழுத்து. கீழே, அவர்களிடம் வாங்கும் கழகங்களின் சின்னங்கள். எங்கள் சின்னமும் அதில் இருந்தது.

அந்த வாரப் பயிற்சி முடிந்ததும் பொடியன் என்னிடம் வந்தான். “சேர், எனக்கு வேற நம்பர் தரலாமா?” என்று மட்டும் கேட்டான். நான் காரணம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது பெருந்தன்மையால் அல்ல. அவன் ஏதாவது சொல்லிவிட்டால் அதற்கு என்ன பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயத்தை மறைத்து இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

முகவரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர், ஏழைப் பாடசாலைக்குப் பந்து சும்மா கொடுத்தவர். “என்ன சேர், பகிடிதானே. மைதானத்தில பொடியங்கள் கதைக்காததையா எழுதிப் போட்டம்?” என்றார். மைதானத்தில் கதைப்பதும் காசு கொடுத்து அச்சடித்துத் தெருவில் கட்டுவதும் ஒன்றா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு ஏன் சேர் இவ்வளவு நோகுது? நீங்களும் அதுவோ?”

கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். மூன்று தெருவுக்குள் எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வைத்திருக்கும் ஊர் இது. “எனக்குப் பெண்சாதி இருக்கு, ரெண்டு பிள்ளை இருக்கு” என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. உண்மையான வாக்கியம்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டால், ‘அது’வாக இருப்பது மறுக்கவேண்டிய ஒரு குற்றம்தான் என்று பதாகையோடு சேர்ந்து நானும் கையெழுத்துப் போட்டதாகிவிடும். சொல்லாமல் நின்றேன். காது சூடாகிப் போனது. “அது உங்களுக்குத் தேவையில்லாத கேள்வி. பதாகையைப் பற்றிக் கதைப்பம்” என்றேன். அன்று ஒன்றும் நடக்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்தேன். இந்த விஷயத்தில் நான் படித்த பாடங்களில் கடினமானது அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ சொல்லாமல் இருப்பதுதான்.

‘பகிடி’, ‘மைதானப் பேச்சு’ என்ற சாட்டு எங்கள் முகவரின் கண்டுபிடிப்பு அல்ல. 2008 ஜூலையில் அமெரிக்காவில் நைக்கி நிறுவனம் ஹைப்பர்டங்க் என்ற கூடைப்பந்துச் சப்பாத்துக்குச் சுவரொட்டிகள் போட்டது. ஒருவர் எழும்பிப் பாய்ந்து பந்தைக் கூடைக்குள் திணிக்கிறார். தடுக்க வந்தவரின் முகம் அவருடைய தொடைகளுக்கிடையில் அகப்பட்டிருக்கிறது. கூடவே, இது சரியில்லையே என்ற பொருளில் ஒரு நக்கல் வரி. கண்டனம் எழுந்ததும் நைக்கி முதலில், இது விளையாட்டைப் பற்றியது மட்டுமே என்று விளக்கம் சொன்னது. கொஞ்ச நாளில் சுவரொட்டிகளை எடுத்துவிட்டது. அதே மாதம் பிரித்தானியாவில் ஸ்னிக்கர்ஸ் சொக்லேட்டின் விளம்பரமும் நிறுத்தப்பட்டது: மஞ்சள் காற்சட்டையோடு வேகநடை போகும் ஒருவரை மிஸ்டர் ரி என்ற நடிகர் துரத்தி வந்து, சொக்லேட்டால் சுட்டு, ஆண் இனத்துக்கே நீ அவமானம் என்று திட்டுகிற படம். 2016 பெப்ரவரியில், ஒரே பாலினத்தவர் உறவை விலங்குகளோடு ஒப்பிட்டுக் கீழ்மைப்படுத்திப் பேசிய குத்துச்சண்டை வீரர் மன்னி பக்கியாவோவை அதே நைக்கி கைவிட்டது. ஒரு வீரர் தன் பால்விருப்பை வெளியே சொன்னால் அதற்காக ஒப்பந்தத்தை முறிக்கமாட்டோம் என்று அடிடாஸ் தன் ஒப்பந்தங்களில் எழுதிச் சேர்த்ததும் அந்த மாதத்தில்தான். எட்டு ஆண்டுகளுக்குள் நைக்கிக்கு மனம் திருந்தியதா, சந்தைக் கணக்குத் திருந்தியதா என்று எனக்குக் கவலை இல்லை. சுவரொட்டி இறங்கினால் சரி.

ஆனால் அங்கே முறைப்பாடு செய்தவர்களுக்குப் பின்னால் அமைப்புகள் இருந்தன, பத்திரிகைகள் இருந்தன. இங்கே என்ன இருக்கிறது? 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இருக்கிறது. அதன் 365, 365அ பிரிவுகள் ஒரே பாலினத்தவர் உறவை இன்னும் குற்றமாகவே வைத்திருக்கின்றன. 1995இல் திருத்தினார்கள், நீக்குவதற்கு அல்ல, பெண்களையும் உள்ளே கொண்டுவருவதற்கு. அவற்றை மாற்ற அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டமூலம் சட்டமாகவில்லை. நுகர்வோர் பக்கம் போகலாம் என்று பார்த்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் ஏமாற்று விளம்பரத்தைத்தான் பேசுகிறது. எங்கள் பதாகை யாரையும் ஏமாற்றவில்லை, அவமதித்தது. (அந்தச் சட்டத்தின் இலக்கம் என்ன தெரியுமா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். நாடாளுமன்றத்தில் யாரும் வெட்கப்பட்டு 10க்குத் தாவவில்லை.)

ஆகவே பொலிசுக்கோ கச்சேரிக்கோ முறைப்பாட்டோடு போவதில் அர்த்தமில்லை, ஆபத்தும் இருந்தது. “இதனால் பாதிக்கப்பட்டவர் யார்?” என்று முதல் கேள்வியிலேயே கேட்பார்கள். அந்தப் பொடியனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. அவனுக்காகப் பேசுகிறேன் என்று போய், ஊர் முழுவதும் அவனைத் திரும்பிப் பார்க்க வைத்தால், பதாகை செய்ததைவிட நான் செய்தது பெரிய கெடுதியாகியிருக்கும்.

செயற்குழுவைக் கூட்டினேன். மனித கண்ணியம், சமத்துவம் என்று ஒரு பேச்சை எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பொருளாளர் முதலே மறித்தார்: “அவங்கள் தாற கழிவை விட்டுட்டு எங்க போறது?” நான் பேச்சை எடுக்க முன், கழகத் தலைவர், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கேட்டார்: “அந்தப் பதாகையில எங்கட கழகச் சின்னம் கிடக்குது. எங்களைக் கேட்டா போட்டவங்கள்? எங்கட சென்டர் போர்வேட்டின்ட சட்டையைத்தானே நக்கலடிச்சிருக்கு?” அறை மாறிவிட்டது. தன் பாலினத்தை விரும்புகிறவர்களின் உரிமை பற்றி அங்கிருந்த யாருக்கும் பெரிய அபிப்பிராயம் இல்லை. கழகத்தின் மானம் பற்றி எல்லாருக்கும் இருந்தது. அந்தப் பேச்சு பையிலிருந்து வெளியே வரவேயில்லை.

கொழும்பில் இருக்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டு, கோழைத்தனம் என்றார். கொள்கையைச் சொல்லாமல் மானத்தைச் சொல்லி வெல்வது வெற்றியே அல்ல என்பது அவர் கட்சி. நான் ஒப்பவில்லை. மனங்கள் மாறும்வரை பதாகையைத் தொங்கவிட்டுக் காத்திருக்கலாம் என்று சொல்வது, அதன் கீழால் தினமும் சைக்கிளில் போகத் தேவையில்லாதவர்களுக்கு எளிது.

கழகக் கடிதத்தாளில் நாலு வரி எழுதினோம். எங்கள் சின்னத்தை அனுமதியின்றிப் போட்டது தவறு. எந்த வீரரின் சட்டையையும் கேலி செய்யும் விளம்பரத்தோடு எங்கள் பெயர் நிற்காது. பதாகை இறங்கும்வரை இந்தப் பருவத்துக்கான ஓடர் தரமாட்டோம். சின்னம் போடப்பட்டிருந்த வேறு கழகங்களிடமும் போனேன். சில கையெழுத்து வைத்தன. சில சிரித்தன. முகவர் எங்கள் கடிதத்தை நிறுவனத்துக்கு அனுப்பினார். அடுத்த வாரம் பதாகை இறங்கி, அதே கம்பத்தில் விலைப்பட்டியலும் தொலைபேசி இலக்கமும் மட்டும் கொண்ட வேறொன்று ஏறியது. மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

பொடியன் 19க்கு மாறினான். 9ஐ அந்தப் பருவம் எங்கள் அணித்தலைவர் தானாகக் கேட்டு வாங்கினார். முதல் ஆட்டத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்து ஊளைச் சத்தம் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிரேசிலிலும் இப்படி ஒரு கதை உண்டென்று பிறகுதான் வாசித்தேன். அங்கே தள்ளிவைக்கப்பட்ட இலக்கம் 24. விலங்குச் சீட்டு என்ற அவர்களின் சூதாட்டத்தில் 24 மானின் இலக்கம். மான் என்பது அங்கே ஆணை விரும்பும் ஆணைத் திட்டும் சொல். (எங்கள் ஊர்ப் பிரட்ரிக் கோட்டைக்குள் சுற்றித் திரியும் மான்களுக்கு இது தெரிந்தால் என்ன நினைக்குமோ.) 2020 ஜனவரியில் கொரிந்தியன்ஸ் கழகத்தின் நிர்வாகி ஒருவர், புதிதாக வந்த கொலம்பிய வீரர் கண்டில்யோவுக்கு 24 கிடையாது என்று பகிடி விட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் பாகியா கழகத்தின் பிளாவியோ வேண்டுமென்றே 24ஐ அணிந்து ஆடினார். 2021 கோப்பா அமெரிக்காவில் பிரேசில் அணியின் பட்டியல் 23இலிருந்து 25க்குத் தாவியபோது, ஏன் என்று நீதிமன்றமே விளக்கம் கேட்டது. 2022 உலகக் கிண்ணத்தில் பிரெமர் 24ஐ அணிந்து களமிறங்கினார்.

இதை வாசிக்கும் கழகச் செயலாளர்களுக்கும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். இப்படியான பதாகையோ துண்டுப்பிரசுரமோ கண்ணில் பட்டால், முற்பணம் கட்ட முன்பே ஓடர் எடுப்பவரிடம் போங்கள். நீங்களும் அதுவோ என்று கேட்டால் ஆமும் சொல்லவேண்டாம், இல்லையும் சொல்லவேண்டாம். எழுத்தில் கொடுங்கள், கழகத்தின் பெயரில் கொடுங்கள். கடிதத்தில் எந்தப் பிள்ளையின் பெயரும் இருக்கக்கூடாது.