பெட்டி செய்தவன் பெயர்

பூந்தமல்லியில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டியிடம் ஈட்டி மரப் பெட்டி ஒன்று இருக்கிறது. மூடி நிறையப் பூவும் கொடியுமாக வேறு நிற மரங்களை அறுத்துப் பதித்திருக்கிறார்கள். பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "செய்தவன் பெயர் இல்லையே அம்மா! பிரெஞ்சுக்காரன் வேலை என்றால் விலையே வேறு" என்று உதட்டைப் பிதுக்கினாராம். பாட்டி என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"ஏன் தம்பி, நீதான் கதை எழுதுகிறவனாயிற்றே! பிரெஞ்சுப் பேர் ஒன்றை எழுதிக் கொடேன்."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. பாட்டிக்குக் கோபம்தான். ஆனால் அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் சங்கதியும் வியாபாரி நினைப்பதுபோல் அவ்வளவு சுலபமல்ல.

பாரிஸ் தச்சர் சங்கம் 1743-இல் ஒரு விதி செய்தது. தொழிலில் தேர்ந்த ஒவ்வொருவரும் தம் பெயர் முத்திரையைச் சாமானில் குத்த வேண்டும் என்பது விதி. விதி என்று வந்தால் விலக்கு இல்லாமல் போகுமா? அரண்மனைத் தச்சர்களுக்கு அது கட்டாயமில்லை. போதாக்குறைக்கு, பழுது பார்க்க வந்தவரும் தம் முத்திரையைக் குத்திவிட்டுப் போனார்! இதெல்லாம் நம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை சமாசாரந்தான். கடைசல் ஒரு பட்டறை, வார்ப்பு இன்னொன்று, பெயர்த் தகடு மூன்றாமவருடையது. பித்தளையும் ஆமையோடும் பதிப்பதில் பேர்போன ஆந்த்ரே ஷார்ல் பூல், இந்த விதி வருவதற்கு முன்பே, 1732-இல் காலமாகிவிட்டார். பி.வி.ஆர்.பி. என்று நாலெழுத்து மட்டும் குத்திய மகா கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். அவர் பெர்னார் வான் ரிசன்பர்க் என்று கண்டுபிடிக்க 1957 ஆயிற்று.

நம் பக்கம் முத்திரை என்ற பேச்சே இல்லை. விசாகப்பட்டினத்து ஆசாரிகள் 18-ஆம் நூற்றாண்டில் தந்தத்தை மெல்லிய தகடாக அறுத்து, ஈட்டியிலும் கருங்காலியிலும் பதித்தார்கள். அதன்மேல் மயிரிழைக் கோடுகளாகப் பூவேலை கீறி, கோட்டுக்குள் கறுப்பு அரக்கை நிரப்பினார்கள். கை கொஞ்சம் நடுங்கினாலும் தகடு பாழ். பிற்பாடு மரமே தெரியாமல் தந்தத்தைப் போர்த்திய நாற்காலிகளும் செய்தார்கள்.

1773 முதல் 1775 வரை சென்னையில் கவர்னராயிருந்த அலெக்ஸாண்டர் விஞ்ச் அப்படிப்பட்ட நாற்காலிகளைச் சீமைக்குக் கொண்டுபோனார். 1781-இல் அவை ஏலத்துக்கு வந்தபோது மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ராணி ஷார்லட்டுக்காக வாங்கினார். இன்றும் அவை அரச குடும்பத்துச் சேகரிப்பில் இருக்கின்றன. வைத்திருந்த கவர்னர் பெயர் தெரிகிறது. வாங்கிய மன்னர், உட்கார்ந்த ராணி, ஏலம் போட்ட கிறிஸ்டி எல்லோரும் தெரிகிறார்கள். தந்தம் அறுத்தவருக்கு மட்டும், விசாகப்பட்டினம் என்று ஊர்ப் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.